எறிதல், தாங்குதல், விழுதல்: வன்னிப் பாடசாலைகளுக்கு ஒரு சர்க்கஸ் பாடம்

முதலாம் தவணையில் வன்னிப் பாடசாலை மைதானங்களெல்லாம் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளால் நிறைந்துவிடும். இல்லச் சோடனை, அணிநடை, அஞ்சலோட்டம், விநோத உடை என்று வெயில் சாயும்வரை நிகழ்ச்சிகள் நீளும். இடைவேளையில் உடற்பயிற்சிக் கண்காட்சி. மூன்று பிள்ளைகள் கையும் முழந்தாளும் ஊன்றி வரிசையாக நிற்பார்கள். அவர்கள் முதுகில் இருவர் ஏறுவர், அந்த இருவர் மேல் சின்னப் பிள்ளை ஒன்று கொடியோடு ஏறி நிமிரும். கைதட்டல் எழும். மறுநிமிடம் கோபுரம் கலைந்து பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு பௌதிகக் கணக்கு இருக்கிறது. அறுவரும் ஒரே நிறை என்று கொள்வோம். உச்சியில் உள்ள பிள்ளையின் நிறையில் ஆளுக்குப் பாதியை இரண்டாம் அடுக்கின் இருவரும் தாங்குகிறார்கள். தங்கள் நிறையையும் சேர்த்து அவர்கள் ஒவ்வொருவரும் கீழே இறக்குவது ஒன்றரை மடங்கு. அது கீழ் அடுக்கில் உள்ள இருவருக்குப் பங்காகிறது. ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பாரம் வருகிறது: தன் நிறையின் முக்கால் மடங்கு. நடுவில் நிற்பவருக்கு இரு பக்கத்திலிருந்தும் வருகிறது: தன் நிறையின் ஒன்றரை மடங்கு. கீழ் வரிசை மூவரும் ஒரேமாதிரி நிற்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் நடுப்பிள்ளை சுமப்பது ஓரப்பிள்ளை சுமப்பதைப்போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்குத் தெரிந்த ஆசிரியர் வலுவான பிள்ளையை நடுவில் நிறுத்துவார். ஏறுகிறவரின் கையைத் தோள்பட்டைக்கு மேலும் முழங்காலை இடுப்பெலும்புக்கு மேலும் வைக்கச் சொல்வார். அந்த இடங்களின் கீழ்தான் கையும் தொடையும் தூணாக நிற்கின்றன. முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே தாங்குவதற்கு ஒன்றுமில்லை.

ஆக, சர்க்கஸ் ஏற்கெனவே நமது பாடசாலைகளுக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பெயர் சொல்லாமல், பல இடங்களில் மெத்தைகூட இல்லாமல் வருகிறது. அதை ஒரு முறையான பாடமாக, அதன் விஞ்ஞானத்தோடு சேர்த்து, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அது மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கலை எங்கே பிறந்தது என்பதைப் பார்க்கலாம்.

இந்தியச் சர்க்கஸின் தொட்டில் என்று கேரளத்தின் தலச்சேரியைச் சொல்வார்கள். அந்தத் தொட்டிலை ஆட்டியவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். அவர் கூடார முதலாளியல்லர். பாசல் மிஷன் பாடசாலையில் உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர், களரிப்பயிற்றில் தேர்ந்தவர். விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் தமது கிரேட் இந்தியன் சர்க்கஸோடு 1887இல் தலச்சேரிக்கு வந்தபோது, இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு பிறந்தது. சத்ரேயின் கூடாரத்துக்கு வேண்டிய வித்தைக்காரர்களை குஞ்ஞிக்கண்ணன் பயிற்றுவித்துத் தருவது. 1901இல் அருகிலுள்ள சிறக்கரையில் அவர் தனியாகவே ஒரு சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கினார். இந்தியக் கூடாரங்களை அதன்பின் பல பத்தாண்டுகள் நிறைத்தவர்கள் அந்த வட்டாரத்தில் உருவானவர்களே. ஓர் உடற்கல்வி ஆசிரியரின் முற்றத்தில் தொடங்கிய கலை இது.

அந்தக் கூடாரத் தொழிலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. வறிய வீடுகளிலிருந்து, நேபாளத்திலிருந்துகூட, பிள்ளைகள் வாங்கப்பட்டு அடைத்துவைக்கப்பட்ட கதைகள் வெளிவந்தன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்ய உத்தரவிட்டது. நான் கேட்பது அந்தத் தொழிலையல்ல. பிள்ளை தன் வீட்டில் உறங்கி, தன் பாடசாலையில், தன் விருப்பப்படி கற்கும் கலையைக் கேட்கிறேன். பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவது நல்லது, கேட்கவும் வேண்டும்.

இனிப் பந்துகளுக்கு வருவோம். மூன்று பந்துகளை இரண்டு கைகளால் இடைவிடாமல் எறிந்து பிடிக்கும் வித்தை தமிழர்க்குப் புதிதல்ல. பெண்கள் பாடிக்கொண்டே பந்துகளை மேலே எறிந்து பிடிக்கும் அம்மானை ஆட்டத்துக்குச் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் தனி வரிப்பாட்டே உண்டு. மாணிக்கவாசகரின் திருவம்மானையும் அந்த ஆட்டத்தின் வடிவத்தில் அமைந்ததுதான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வணங்கி, கோவலன் கூத்தை ஆடிவரும் முல்லைத்தீவு மண்ணுக்கு அந்தக் காப்பியம் அயலானதல்ல. நம் பெண் பிள்ளைகள் வெட்டும் கொக்கானிலும், ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குமுன் நிலத்தில் உள்ளவற்றை அள்ளி, மீண்டும் அதைப் பிடிக்கும் நேரக் கணக்கே இருக்கிறது.

அந்த நேரக் கணக்கைச் சமன்பாடாக எழுதியவர் குளோட் ஷனன். இன்றைய கணினி, தொலைபேசி எல்லாவற்றுக்கும் அடித்தளமான தகவல் கோட்பாட்டை 1948இல் தந்த அதே மேதை. பிற்காலத்தில் அவர் பந்தெறி வித்தைக்கு ஒரு தேற்றம் எழுதினார், பந்தெறியும் பொறி ஒன்றையும் தம் கையாலேயே செய்தார். தேற்றம் இது:

(பறப்பு நேரம் + பிடி நேரம்) × கைகளின் எண்ணிக்கை = (வெறுங்கை நேரம் + பிடி நேரம்) × பந்துகளின் எண்ணிக்கை

பறப்பு நேரம் என்பது ஒரு பந்து காற்றில் இருக்கும் நேரம். பிடி நேரம், அது கையில் தங்கும் நேரம். வெறுங்கை நேரம், ஒரு கை பந்தில்லாமல் காத்திருக்கும் நேரம். ஒரு பிள்ளை பந்தைக் கையில் 0.3 செக்கன் வைத்திருக்கிறது, கை 0.2 செக்கன் வெறுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பந்து, இரண்டு கை. சமன்பாட்டில் போட்டால் பறப்பு நேரம் 0.45 செக்கன் என்று வரும். அதற்குப் பந்து கைக்கு மேலே 25 சென்ரிமீற்றர் எழுந்தால் போதும். அதே பிள்ளை அதே வேகத்தில் ஐந்து பந்து எறிய விரும்பினால் பறப்பு நேரம் 0.95 செக்கன் ஆக வேண்டும். உயரம் 1 மீற்றர் 10 சென்ரிமீற்றர். நேரம் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டியது, உயரமோ நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. உயரம் பறப்பு நேரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வரும் விளைவு இது. உயரம் கூடக்கூட, எறியும் கோணத்தில் ஏற்படும் சிறு பிழையும் பெரிதாகி, பந்து கைக்கு எட்டாத இடத்தில் இறங்கும். மூன்று பந்தைச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழகிவிடுபவர் ஐந்து பந்துக்கு மாதக்கணக்கில் போராடுவது இதனால்தான். எறியங்களின் பாடத்தை க.பொ.த. உயர்தர வகுப்பில் கரும்பலகையில் மட்டும் கண்டு சலித்த பிள்ளைக்கு, அதைத் தன் உள்ளங்கையில் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சமன்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் ஓர் இடம் உண்டு. கைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 2 என்றுதான் போட வேண்டும் என்று ஷனன் சொல்லவில்லை. 1 என்று போட்டாலும் அது உண்மை. ஒரு கையும் இரண்டு பந்தும் என்றால், அதே பிடி நேரத்துக்கும் வெறுங்கை நேரத்துக்கும் பறப்பு நேரம் 0.7 செக்கன், உயரம் 60 சென்ரிமீற்றர். எறிகணையில் கையொன்றை இழந்தவர்கள் இன்றும் நடமாடும் மண் இது. ஒரு கையுள்ள பிள்ளைக்கு இங்கே சலுகைக் கணக்கு எதுவும் தேவையில்லை, அதே சமன்பாட்டில் வேறோர் எண் போட்டால் போதும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் இதே வகுப்பில், இதே வரிசையில் இருக்கலாம்.

கணித ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 1980களில் சில கணித ஆர்வலர்கள் தனித்தனியாக இருந்துகொண்டே ஓர் எண் குறிமுறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பந்தை எறிந்தபின் எத்தனையாவது தாளத்தில் அதே பந்து மறுபடி எறியப்படும் என்பதை ஓர் எண்ணாக எழுதுவது. சாதாரண மூன்று பந்து ஆட்டம் 3, 3, 3 என்று போகும். 4, 4, 1 என்றும் ஆடலாம், 5, 3, 1 என்றும் ஆடலாம். எண்களின் சராசரியே பந்துகளின் எண்ணிக்கை. இரண்டிலும் அது 3. ஆனால் சராசரி முழு எண்ணாக வந்துவிட்டால் மட்டும் ஆட்டம் அமையாது. 5, 4, 3 என்ற தொடரைப் பாருங்கள். சராசரி 4. முதலாம் பந்து ஐந்து தாளம் கழித்து இறங்கும். ஒரு தாளம் பிந்தி எறிந்தது நான்கு தாளத்தில், இரண்டு தாளம் பிந்தி எறிந்தது மூன்று தாளத்தில். மூன்றும் ஒரே கணத்தில் ஒரே கைக்கு வந்து விழும். எந்தத் தொடர் ஆடக்கூடியது, எது மோதும் என்று தாளில் கண்டுபிடித்து முற்றத்தில் சரிபார்ப்பதைத் தரம் 8 பிள்ளையும் செய்யும்.

சமநிலையின் பௌதிகம் இன்னும் எளிதாகக் கைக்கு வரும். ஒரு பென்சிலை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், முடியாது. ஒரு தும்புத்தடியை உள்ளங்கையில் நிறுத்துங்கள், சற்றுப் பழகினால் நிற்கும். பாரமான பொருளை நிறுத்துவது கடினம் என்ற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறு. செங்குத்தாக நிற்கும் கோல் சரியத் தொடங்கினால், சரிவு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகப் பெருக எடுக்கும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 15 சென்ரிமீற்றர் பென்சிலுக்கு அது 0.1 செக்கன். ஒன்றரை மீற்றர் தடிக்கு 0.3 செக்கனுக்குச் சற்று மேல். கண்ணால் கண்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறக்குறைய 0.2 செக்கன் வேண்டும். பென்சில் அந்த நேரத்துக்குள் கைவிட்டுப் போய்விடுகிறது, தடி நமக்குக் காத்திருக்கிறது. தும்புப் பக்கத்தை மேலே வைத்தால் இன்னும் மெதுவாகச் சரியும். பார்வையைத் தடியின் உச்சியில் வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே: சரிவு முதலில் பெரிதாகத் தெரிவது அங்கேதான்.

கயிற்றில் நடப்பவர் நீண்ட கோலைக் குறுக்கே பிடிப்பதும் இதே நேரத்தை வாங்குவதற்காகத்தான். கோலின் இரு முனைகளும் உடலிலிருந்து தொலைவில் இருப்பதால் சடத்துவத் திருப்பம் கூடுகிறது, உடல் கவிழ்வது மெதுவாகிறது. கோல் வளைந்து தொங்கினால் புவியீர்ப்பு மையமும் தாழ்கிறது. நற்றிணையின் 95ஆவது பாட்டில் முறுக்கிய கயிற்றில் ஆடுமகள் நடந்துபோகிறாள். அவள் விட்டுப்போன கயிற்றில் குரங்குக் குட்டி ஏறித் தொங்க, பாறைமேல் நின்று குறவர் சிறுவர்கள் தாளம் கொட்டுகிறார்கள். கோட்டம்பலவனார் என்ற புலவர் கண்ட காட்சி அது. வித்தையைப் பார்த்த பிள்ளை உடனே தானும் தாளத்தில் சேர்ந்துவிடுகிறது என்பதை அந்தப் புலவர் கவனித்திருக்கிறார். பிற்காலத்தில் கழைக்கூத்தாடிகளைத் தெருவில் பிழைப்பவர்கள் என்று ஒதுக்கிவைத்தோம். கரகமும் காவடியும் கோயிலைச் சார்ந்திருந்ததால் மதிப்போடு தப்பின. தலையில் கரகம் அசையாமல் இருக்க, இடுப்புக்குக் கீழே முழுவதும் ஆடுகிற பெண்ணின் கழுத்துத் தசைகள் செய்யும் வேலையும் கயிற்றில் நடப்பவளின் கணுக்கால் செய்யும் வேலையும் ஒரே இனத்தவை.

உடலுக்குள் சமநிலையைக் காப்பவை மூன்று: கண், உட்காதின் அரைவட்டக் கால்வாய்களும் அவற்றை அடுத்த பைகளும், தசை மூட்டுகளிலிருந்து வரும் உணர்வு. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம். 1994இல் ஜெக்கா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒருவரை ஓர் அடியின் முன் மற்ற அடியை வைத்து நிற்கச் செய்து, ஒரு விரல் நுனியால் பக்கத்தில் உள்ள சட்டத்தை மெல்லத் தொடச் சொன்னார்கள். தொடும் விசை 1 நியூற்றனுக்கும் குறைவு, ஏறத்தாழ 100 கிராம் பொருளின் நிறை. அவ்வளவு சிறிய விசை யாரையும் தாங்கிப் பிடிக்காது. ஆனாலும் உடலின் தள்ளாட்டம் தெளிவாகக் குறைந்தது. விரலிலிருந்து கிடைக்கும் செய்தியே போதுமாக இருந்தது. முழங்கால் உயரத்தில் கட்டிய கயிற்றில் முதன்முதல் ஏறும் பிள்ளையின் விரலை இன்னொரு பிள்ளை தொட்டபடி கூட நடந்தால், அங்கே நடப்பது இதுதான். துணைவரும் பிள்ளை தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தொட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

விழுதலைப் பற்றி நம் உடற்கல்வி மிகக் குறைவாகப் பேசுகிறது. சர்க்கஸில் அது முதல் பாடம். 1 மீற்றர் உயரத்திலிருந்து குதிக்கும் பிள்ளை முழங்காலை விறைப்பாக வைத்து 5 சென்ரிமீற்றருக்குள் நின்றால், தரை அதன் கால்மேல் தரும் சராசரி விசை நிறையின் 21 மடங்கு. முழங்காலையும் இடுப்பையும் மடித்து 50 சென்ரிமீற்றரில் மெதுவாக நின்றால் 3 மடங்கு மட்டும். உருண்டு எழுந்தால் அந்த விசை இன்னும் அதிக நேரத்துக்கும் அதிக உடற்பரப்புக்கும் பகிரப்படுகிறது. ஈரமான வரம்பில் வழுக்கும்போதும் துவிச்சக்கர வண்டியிலிருந்து சரியும்போதும் நீட்டிய கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடம் ஆயுளுக்கும் உதவும்.

மூளைக்கு வருவோம். 2004இல் நேச்சர் இதழில் போக்டான் டிரகான்ஸ்கியும் அவருடைய ஜேர்மன் குழுவினரும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பந்தெறி வித்தை தெரியாத இளவயதினர் 24 பேர். பாதிப்பேர் மூன்று மாதங்களில் மூன்று பந்து ஆட்டத்தைக் கற்றார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தபோது, அசைவைக் காணும் பகுதியிலும் கண்ணையும் கையையும் இணைக்கும் உச்சிப் பகுதியிலும் நரைநிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை விட்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் குறைந்திருந்தது. 2009இல் ஒக்ஸ்போர்ட்டில் ஷோல்ஸ், யோஹான்சன்-பேர்க் முதலியோர் ஆறு வாரப் பயிற்சியின்பின் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளிலும் மாற்றத்தைக் கண்டார்கள். நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள். கெட்டிக்காரராக எறிந்தவர்களிடம் மட்டுமன்றி, தடுமாறிக்கொண்டே பழகியவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. இவை சிறு ஆய்வுகள், பெரியவர்கள்மேல் நடந்தவை. பந்தெறிந்தால் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கற்றல் மூளையின் அமைப்பையே தொடுகிறது, விட்டால் அது மங்குகிறது. இவ்வளவே இந்த ஆய்வுகள் சொல்வது, அதுவே ஆசிரியருக்குப் போதுமான செய்தி. ஆண்டுக்கு ஒருநாள் கண்காட்சி பயனற்றது, வாரந்தோறும் வேண்டும்.

பாடசாலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வொன்று கனடாவில் நடந்தது. டீன் கிரீலார்ஸ் குழுவினர் நான்காம், ஐந்தாம் தரப் பிள்ளைகளிடையே, உடற்கல்வியில் சர்க்கஸ் கற்ற பாடசாலைகளையும் வழமையான உடற்கல்வி நடந்த பாடசாலைகளையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். சர்க்கஸ் கற்ற பிள்ளைகளின் அசைவுத்திறனும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. ஆண் பெண் பிள்ளைகளுக்கிடையே வழமையாகத் தெரியும் திறன் இடைவெளியும் அங்கே சிறுத்திருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஓட்டத்தில் ஒருவர்தான் முதலாவது, உதைபந்தாட்டத்தில் பந்து வலுவானவரிடமே போகும். சர்க்கஸில் வெல்வதற்கு எதிரணி கிடையாது. பூப்பெய்தியதும் மைதானத்தின் ஓரத்துக்குப் போய்விடும் நம் பெண் பிள்ளைகளை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர இந்த வழி உதவும் என்று நம்புகிறேன்.

இனி வன்னி. இங்கே பல ஆண்டுகள் பாடசாலைகளில் கண்ணிவெடி அபாயக் கல்வி நடந்தது. தெரியாத பொருளைத் தொடாதே, எறியாதே, பாதையை விட்டு விலகாதே. உயிரைக் காத்த பாடம் அது, காக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தலைமுறையின் கைகால்கள் நிலத்தோடு கொண்ட உறவு தடைகளாலேயே எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் உள்ளூர் ஆசிரியர்களே பயிற்சி பெற்று நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. 92 சதவீதமான பிள்ளைகள் குண்டுவீச்சு, எறிகணை, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவம் ஒன்றையாவது கடந்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு மனவடு நோயின் அறிகுறிகள் முழுமையாக இருந்தன. 2009இன் இறுதிப் போருக்கும் மெனிக் பாம் முகாம் வாழ்க்கைக்கும் பிறகு, உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் எழுதினார். தனியாளின் நோய் என்பதைத் தாண்டி, குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையே சிதைந்துபோனதை அவர் விவரித்தார்.

அன்று முகாமில் இருந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். வகுப்பில் இருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள். பயம் கதைக்கப்படாமலேயே வீட்டுக்குள் கைமாறும். ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவதும், விழும் பிள்ளையை நால்வர் சேர்ந்து தாங்குவதும், நம்பத் தகுந்த மனிதர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை உடம்புக்குச் சொல்லும் பாடங்கள்.

இதற்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. கம்போடியப் போரினால் தாய்லாந்து எல்லையில் சைட் 2 என்ற அகதி முகாமில் வளர்ந்த இளைஞர் ஒன்பது பேர், அங்கே தங்களுக்கு ஓவியம் கற்பித்த ஆசிரியை வெரோனிக் டெக்ரோப்புடன் சேர்ந்து, 1994இல் பட்டம்பாங் நகரில் பாரே பொன்லூ செல்பாக் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1998இல் அதனுள் சர்க்கஸ் வகுப்பு பிறந்தது. 2013இல் அந்தப் பள்ளிக்குச் சியம் ரீப் நகரில் சொந்தக் கூடாரமே அமைந்தது, அங்கே அதன் மாணவர்கள் தங்கள் நாட்டின் கதைகளை உலகுக்கு ஆடிக்காட்டத் தொடங்கினார்கள். முகாமிலிருந்து திரும்பியவர்கள் தாமே தொடங்கியது என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமானது. நம் நாட்டிலேயே, போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாகப் பல மாதங்கள் அங்கே வந்து ஓவியம், களிமண், கதை, நாடகம் என்று ஒன்றாகப் பழகினார்கள்.

ஆர்வத்தில் அளவு மீறிவிடக் கூடாது. வட இலங்கையில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம், பாடசாலையில் ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளாக, விளையாட்டும் ஆக்கச் செயற்பாடுகளும் கலந்த உளநல நிகழ்ச்சியொன்றைச் சோதித்து வீற்சே தோல் குழுவினர் 2012இல் முடிவை வெளியிட்டார்கள். முதன்மையான அளவீடுகளில் ஒட்டுமொத்தப் பயன் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, ஆண் பிள்ளைகளின் பதற்றமும் மனவடு அறிகுறிகளும் கூடுதலாகக் குறைந்தன. பெண் பிள்ளைகளிடமோ, நிகழ்ச்சியில் சேர்ந்தவர்களின் மனவடு அறிகுறிகள், சேராமல் காத்திருந்தவர்களைவிடக் குறைவாகவே தணிந்தன. போரின் நாளாந்த நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகளுக்கே பயன் அதிகம் கிடைத்தது.

இந்த முடிவு கசப்பானது, ஆனால் வேண்டியது. நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரி நன்மை தந்துவிடாது. காணி திரும்பாத வீட்டில், காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனுக்காகத் தாய் வீதியில் அமர்ந்திருக்கும் வீட்டில், மூன்று பந்துகள் மருந்தாகாது. ஆகவே இதை உளச்சிகிச்சை என்று பெயரிட்டு யாரும் பிள்ளைகளிடம் கொண்டுபோகக் கூடாது. போர் அனுபவத்தைக் கதைக்கச் சொல்லவும் கூடாது. நல்ல உடற்கல்வியாக, நல்ல விஞ்ஞானமாக, மகிழ்ச்சியாகக் கொடுப்போம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் இருக்கட்டும், தொடுகையில் பிள்ளையின் சம்மதம் ஒவ்வொருமுறையும் கேட்கப்படட்டும், ஏற விரும்பாத பிள்ளை தாளம் போடட்டும். உதவி தேவைப்படும் பிள்ளையை ஆசிரியர் அடையாளம் கண்டால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பும் வழி திறந்திருக்கட்டும்.

செலவு பெரிதல்ல. பழைய சாறித் துணியில் ஆளுக்கு மூன்று சிறு பைகள் தைத்து, உள்ளே நெல் நிரப்பினால் பந்து தயார். நெற்பை விழுந்த இடத்திலேயே கிடக்கும். ரெனிஸ் பந்து துள்ளி ஓடும், பிள்ளை பழகும் நேரத்தில் பாதி அதைத் துரத்துவதில் போய்விடும். மிகச் சிறியவர்கள் சொப்பின் பையில் தொடங்கலாம். காற்றுத் தடையால் அது மெதுவாக இறங்கும், கண்ணுக்கும் கைக்கும் நேரம் கிடைக்கும். நடைபழக நிலத்தில் கிடத்திய தென்னங்குற்றி முதலில், முழங்கால் உயரக் கயிறு பிறகு. உருள்வதற்கு மணலும் வைக்கோலும் போதாது, இரண்டு நல்ல மெத்தைகள் வேண்டும். அதற்குப் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள நம் உறவுகள் பாடசாலைக்கு வளைவும் மேடையும் கட்டித் தருகிறார்கள். ஒருமுறை மெத்தை வாங்கித் தரட்டும். மூன்றடுக்குக்கு மேல் கோபுரம் கட்டக் கூடாது, உச்சிப் பிள்ளையின் இரு பக்கமும் பெரியவர் நிற்காமல் ஏற்றவும் கூடாது.

ஆசிரியர்தான் உண்மையான தேவை. கரகம் ஆடுபவரும், சிலம்பம் சொல்லித்தருபவரும், பொய்க்கால் ஆட்டம் தெரிந்தவரும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை வளவாளராக அழைத்து, உடற்கல்வி, விஞ்ஞான, நாடகமும் அரங்கியலும் ஆசிரியர்களோடு ஒரு விடுமுறைக் கிழமை உட்கார வைத்தால் பாடத்திட்டத்தின் முதல் வரைவு அங்கேயே பிறக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வலயங்களின் உடற்கல்வி உதவிக் கல்விப் பணிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வலயத்துக்கு இரண்டு பாடசாலைகளைத் தெரிந்து, தரம் 6க்கும் 7க்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வருடம் நடத்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளின் அசைவுத்திறனை அளந்து, பெண் பிள்ளைகளின் முடிவைத் தனியாகப் பார்த்து, கிடைத்ததை உள்ளபடி வெளியிடுங்கள்.